குனிந்து போனவன்

ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். கலியபெருமாள் வண்டியை அணைத்தான். அணைத்த பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது. இந்த முந்திரித்தோப்பு கேட்டில் அவன் வண்டியை அணைத்துவிட்டு நின்று யாரும் பார்த்ததில்லை. கட்டை இறங்கித் தாங்கியில் உட்கார்ந்த சத்தம் அடங்குவதற்குள் டிவிஎஸ்ஸை ஒருபக்கமாகச் சாய்த்து, வலது தோளை முன்னால் விட்டு, தலையை சீட்டோடு சீட்டாகப் படியவைத்து, ஒரே இழுப்பில் அந்தப் பக்கம் எழுந்து நிற்கிறவன் அவன். கட்டையிலிருந்து தொங்கும் கம்பி வலை ஓரத்தில் பிய்ந்து கிடப்பதே அவனைப் போன்றவர்கள் போய்ப் போய்த்தான். புதிதாகக் குனிகிறவர்கள் முதுகைக் கட்டையில் இடித்துக்கொண்டு விழிக்கும்போது அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். இப்போதும் சிலபேர் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். கீரைக்கூடையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு ஒருத்தி பின்னாலேயே தவழ்ந்து போனாள். போனில் பேசிக்கொண்டே ஒருவன், பேச்சை நிறுத்தாமல், வீட்டு நிலைப்படியில் குனிவதுபோல் குனிந்து போனான். அவர்களைப் பார்க்கப் பார்க்க கலியபெருமாளின் வலது தோள் தானாக முன்னால் வந்தது. அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் நின்றது. வண்டியைக் காலால் உந்தி அதன் பின்சக்கரத்தை ஒட்டி நிறுத்தினான். வைக்கோலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சந்து. அதில் கண்ணை வைத்தால் இரண்டு தடத் தண்டவாளங்களும் தெரிந்தன, அந்தப் பக்கத்துக் கட்டை தெரிந்தது, கட்டைக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி நின்றாள். பக்கத்தில் அந்த ஆளும் நின்றான்.

அருமைநாதன். பெயரைச் சொல்லும்போதே வாயில் ஏதோ இனிப்பு ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது. அஞ்சலாட்சி வேலை பார்க்கும் முந்திரிக் கம்பெனியில் அவன்தான் மேஸ்திரி. சட்டை கசங்காத ஆள். முந்திரிக்கொட்டை வறுக்கிற இடத்தில், ஓட்டுப் புகையிலும் கரியிலும் நின்றுவிட்டு வருகிறவனுக்கு எப்படிச் சட்டை கசங்காமல் இருக்கிறது. தன்னுடைய மஞ்சள் டீசர்ட்டைக் குனிந்து பார்த்தான் கலியபெருமாள். நெஞ்சில் மயில் பம்ப் என்ற எழுத்து, அதன்மேல் வார்னிஷ் கறை, வயிற்றில் கிரீஸ். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் உடம்பில் வேறு என்ன இருக்கும். மயில் பம்ப்காரன் மெக்கானிக்குகளுக்கென்று மூட்டை மூட்டையாகக் கொடுத்ததில், மெக்கானிக், மெக்கானிக்கின் மச்சான், மச்சானுக்குத் தெரிந்தவன் என்று இந்தச் சுற்றுவட்டாரமே மஞ்சளாகத் திரிகிறது. அதுவும் ஒருவகையில் நல்லதுதான். அவள் இந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு மஞ்சளில் ஒரு மஞ்சள் என்றுதான் தோன்றும். அவள் திரும்பவில்லை. திரும்புகிற மாதிரி இல்லை. டீக்கடையில் ராமலிங்கம் நேற்று எல்லார் முன்னாலும் கேட்டான், என்ன கலியபெருமாளு, உன் வூட்டுக்காரிக்கு கேட்டு வரைக்கும் பாடிகார்டு போட்டிருக்காங்களாமே, சம்பளம் நீ குடுக்குறியா கம்பெனி குடுக்குதா என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்த வாய் இன்னும் வலிக்கிறது. அதனால்தான் பாதி கட்டிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு, எண்ணிக்கொண்டிருந்த சுற்றையும் மறந்துவிட்டு, அவள் வேலை விடுகிற நேரம் பார்த்துக் கிளம்பி வந்தான். பார்த்துவிடுவது. தன் கண்ணால் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வார்த்தை. நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம். சத்தம் போடாமல் சொல்ல வேண்டும். சத்தம் போட்டால் அவள் காரணம் கேட்பாள். மெதுவாகச் சொன்னால் அவளுக்கே காரணம் தெரிந்துவிடும். வழியெல்லாம் அந்த வார்த்தையை நாக்கில் உருட்டிக்கொண்டே வந்தான்.

அவள் விரல்கள்தான் முதலில் காட்டிக்கொடுத்தன. கொட்டை உடைக்கிற வேலைக்குப் போன நாளிலிருந்து அவள் விரல் நுனிகள் கறுப்பாகத்தான் இருந்தன. முந்திரி ஓட்டில் கசியும் எண்ணெய் லேசுப்பட்டது இல்லை, பட்ட இடத்தைப் பொசுக்கித் தோலை உரிக்கும். எத்தனைதான் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் வீட்டுக்கு வரும்போது நகக்கண் எல்லாம் எரியும். சோறு பிசைய முடியாது. மகள் இளவரசிதான் பிசைந்து கொடுப்பாள். சாப்பிட்டு முடித்ததும் அஞ்சலாட்சி சுவரில் சாய்ந்து கையை நீட்டுவாள். அவன் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிடுவான். செம்புக் கம்பியைத் தொட்டுத் தொட்டு அவன் விரலும் மரத்துப் போனதுதான். ஆனாலும் அந்தக் கறுத்த நுனிகளின் சொரசொரப்பு அவனுக்குத் தெரியும். எந்த விரலில் எந்த இடத்தில் தோல் உரிந்திருக்கிறது என்று விளக்கு இல்லாமலே சொல்லுவான். அப்போதெல்லாம் அதிகம் பேசமாட்டார்கள். ஸ் என்பாள், அவ்வளவுதான். பிறகு இந்த அருமைநாதன் மேஸ்திரியாக வந்தான். வந்து கொஞ்ச நாளில் அவளைப் பருப்புத் தரம் பிரிக்கிற மேசைக்கு மாற்றினான். உடைக்கிற வேலை இல்லை, எண்ணெய் இல்லை, வெள்ளை வெளேரென்ற பருப்பை முழுசு தனியாக, பாதி தனியாக, குருணை தனியாகப் பிரித்தால் போதும். எனக்குக் கண்ணு நல்லாருக்குதாம், அதான் மாத்துனாராம் என்று வந்து சொன்னாள். கண் நன்றாக இருப்பதை அவன் எப்போது பார்த்தான். கறுப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, புதுத்தோல் வந்து, ஒருநாள் அவள் விரல்கள் கல்யாணப் பெண்ணின் விரல்கள்போல ஆகிவிட்டன. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தபோது, எதுக்கு, அதான் எரியலியே என்று சிரித்தாள். கிண்ணம் இப்போது அடுப்படியில் கவிழ்ந்து கிடக்கிறது. எவனோ ஒருவன் ஒரு வார்த்தை சொல்லி அவள் கையை மாற்றிவிட்டான். அவள் கையில் இருந்த கலியபெருமாளின் வேலை போய்விட்டது. எரியாமல் இருப்பது நல்லதுதானே என்று மனம் ஒருபக்கம் சொல்லத்தான் செய்தது. சொல்லட்டும். காலையில்கூட அந்தச் சுத்தமான கையால்தான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, இஞ்ச பாருங்க, வரும்போது ஒரு பலாப்பழம் வாங்கியாங்க, அக்கா வூட்டுக்கு எடுத்துட்டுப் போவணும், மறந்துடாதீங்க என்றாள். மறந்துவிட்டான். சந்தைப்பக்கமாகத்தான் வந்தான், பலாப்பழத்தை மலைபோலக் குவித்திருந்தார்கள், வாசனை மூக்கில் ஏறியது, வண்டி நிற்கவில்லை.

தெற்கே போகிற கூட்ஸ் வந்துவிட்டது. நிலக்கரி ஏற்றப் போகிற வெற்றுப் பெட்டிகள். காலிப் பாத்திரத்தை உருட்டுவதுபோல் ஊரையே அதிரவைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில் புகுந்து, அவளை மறைத்தது. ஒரு பெட்டி போய் அடுத்த பெட்டி வருவதற்குள் கையளவு வெளிச்சம். அதில் அவள். மறைந்தாள். மறுபடி வெளிச்சம். மேற்கே சாய்ந்த வெயில் அந்த இடைவெளியில் புகுந்து கண்ணைக் குத்தியது, ஆனாலும் அவன் இமைக்கவில்லை. ஒரு வெளிச்சத்தில் அவள் கை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்ததில் அருமைநாதன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கடுத்ததில் இரண்டு மூன்று கம்பெனிப் பெண்கள் குறுக்கே வந்து மறைத்தார்கள். இத்தனை பேர் நடுவில்தானே நிற்கிறாள் என்று தோன்றியது. நடுவில் நின்றால் என்ன, மறைவு என்பது கூட்டத்தில்தான் சுலபம். பெட்டி. வெளிச்சம். அவள் குனிந்திருந்தாள். ஒரு தோளை முன்னால் விட்டு, கழுத்தை ஒடித்து, இடுப்பை வளைத்துக் கோணலாக நின்றாள். கால் தடுக்கியதா, வயிற்றுவலியா. பெட்டி. வெளிச்சம். இல்லை, சிரிக்கிறாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறாள். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். பெண்களும் சிரிக்கிறார்கள். பெட்டி. அவள் அப்படிச் சிரித்து அவன் எப்போது பார்த்தான் என்று தேடினான். வீட்டில் சிரிப்பாள், சிரிக்காமல் இல்லை, ஆனால் அது வேலைக்கு நடுவில் வந்து வேலைக்குள்ளேயே போய்விடுகிற சிரிப்பு. இது அப்படியில்லை. இடம்போட்டு உட்கார்ந்து சிரிப்பதுபோன்ற சிரிப்பு. நின்று, வளைந்து, ஆடிக்காட்டி ஒருத்தனைச் சிரிக்கவைக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளாக அது எங்கே இருந்தது. யாருக்காக எடுத்துவைத்திருந்தாள். பெட்டி போனது, வந்தது, போனது. இப்போது அவள் சிரிக்கவில்லை. கட்டையைத் தாண்டி இந்தப் பக்கமாக, ஆட்கள் நிற்கிற பக்கமாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்குப் பின்னால் இன்னும் பதுங்கினான். வைக்கோல் கழுத்தில் குத்தியது.

எப்போதும் அவள் லேட்தான். அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. கடையில் உட்கார்ந்தபடியே ரயில் போகிற சத்தம் அவனுக்குக் கேட்கும். ரயில் போய்விட்டதென்றால் கேட் திறந்தாயிற்று, இனி அவள் தோப்பு முக்கைத் தாண்டியிருப்பாள், இப்போது பள்ளிக்கூடம், இப்போது தெருமுனை என்று மனசுக்குள் அவளை நடத்திக்கொண்டே வந்து வாசலில் நிறுத்துவான். வாசலில் அவள் இருக்கமாட்டாள். கேட்டால், கேட்டு போட்டுட்டாங்க, ஒரு வண்டி போனா தொறக்குறாங்களா, எதுத்தாப்ல இன்னொன்னு வர்ற வரைக்கும் நிக்கணும் என்பாள். ஒற்றைத் தடம் இருந்தபோது அப்படி இல்லை. வண்டி போனால் திறந்துவிடுவான். அவன் காலுக்கும் காதுக்கும் அந்தப் பழக்கம்தான். இன்னொரு தடம் போட்டு எத்தனையோ வருஷமாகியும் உடம்பு அதைக் கணக்கில் சேர்க்க மறுக்கிறது. சரி, நின்றுதான் ஆக வேண்டுமென்றால் ஊரே குனிந்து வருகிறதே, நீ மட்டும் ஏன் நிற்கிறாய் என்று ஒருநாள் கேட்டான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில் அவளை வண்டியில் பின்னால் வைத்துக்கொண்டு இதே கேட்டுக்கு வந்தது ஞாபகம் வந்தது. இறங்கு, குனிஞ்சு வா என்று சொல்லிவிட்டு அவன் வண்டியோடு போய்விட்டான். அவளுடைய முந்தானை கம்பி வலையில் மாட்டிக்கொண்டது. புதுப்புடவை, கிழித்துக்கொண்டு வர மனசில்லை, பின்னால் போகவும் முடியவில்லை, கட்டைக்கு உள்பக்கம் குந்தியபடி இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ரயில் வளைவில் தெரிந்தது. அவன் அந்தப் பக்கத்தில் நின்று, வா வா, இன்னும் தூரத்துல இருக்குது என்று சிரித்தான். நிஜமாகவே தூரத்தில்தான் இருந்தது. வந்து சேர்ந்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இனிமே உங்ககூட குனிய மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதை அவன் கடையில் வேடிக்கையாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். போன வருஷம் பவுனம்மா போனாள். இவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள். ஒரு வண்டி போனது, குனிந்தாள், எதிர்த் தடத்தில் வந்தது அடித்துவிட்டது. டிபன் கேரியரின் அடுக்குகள் தோப்புவரை சிதறிக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் அருமைநாதன் வேலை விட்டதும் பெண்களோடு கேட்வரைக்கும் நடந்துவந்து, ஒருத்தியும் குனியாமல் பார்த்துக்கொண்டு, திறந்ததும் திரும்பிப் போகிறான். அவள் அப்படித்தான் சொன்னாள். நல்ல காரணம்தான். பவுனம்மாவைத் தூக்கிய மறுநாள் காலையிலேயே கலியபெருமாள் குனிந்து போனான். கறை இன்னும் ஈரமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு அவள், எங்களைப் பாத்துக்க ஒரு ஆள் இருக்காரு, உங்களைப் பாத்துக்கத்தான் யாருமில்ல என்றாள். அந்தப் பேச்சில் அவனுக்கு ஒரு ஆள் இருக்காரு என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. இன்றுவரைக்கும் அதுமட்டும்தான் விழுந்துகொண்டிருக்கிறது.

கூட்ஸின் கடைசிப் பெட்டி கடந்தது. சத்தம் தெற்கே இழுபட்டுப் போக, காதுக்குள் ரீங்காரம் மட்டும் நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகளை முறுக்கினார்கள். சாலையின் இடது வலது என்று இல்லாமல் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். கேட் திறக்கவில்லை. கேட்கீப்பர் பச்சைக் கொடியோடு அறைவாசலில் நின்றபடிதான் இருந்தார், முகம்மட்டும் தெற்கே திரும்பியிருந்தது. தூங்கிட்டாரா என்று எவனோ கத்தினான். கலியபெருமாளின் உடம்பு கிளம்பிவிட்டது. வண்டி போய்விட்டது, போ என்றது கால். கையும் ஹேண்டிலை ஒடித்துவிட்டது. போய் அவர்கள் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும், அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் எப்படி அணைகிறது என்று கிட்டத்தில் பார்க்க வேண்டும். அதற்குள் இன்னொரு எண்ணம் குறுக்கே விழுந்தது. போனால் தெரிந்துகொள்வது என்ன. அவனைப் பார்த்ததும் இருவரும் தள்ளி நின்றுகொள்வார்கள். இங்கேயே இருந்தால், பார்க்கிறவன் இருப்பது தெரியாமல் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே கொஞ்சம். ஹேண்டிலை விட்டான். சந்தில் கண்ணை வைத்தான். அப்போது டிராக்டரின் அந்தப் பக்கமாக ஒரு மஞ்சள் டீசர்ட் புகுந்து போனது. யாரோ ஒரு ஆள், டிவிஎஸ்தான், முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு பெரிய பலாப்பழம். வண்டியை இடப்பக்கம் சாய்த்தான், வலது தோளை முன்னால் விட்டான், கழுத்தை ஒடித்து இடுப்பை வளைத்தான். கலியபெருமாளுக்குத் தலைக்குள் ஏதோ நகர்ந்தது. அவள் வெளிச்சத்தில் வளைந்து காட்டியது இதைத்தான். அவள் ஆடிக்காட்டியது தன்னைத்தான். தன்னைச் சொல்லித்தான் சிரித்தார்கள். அது ஆறுதலா அவமானமா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அந்த ஆள் கட்டைக்கு அடியில் புகுந்து எழுந்து, முதல் தடத்தைத் தாண்டி, இரண்டாவது தடத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனான். தெற்கே போகும் கூட்ஸின் முதுகுக்குப் பின்னாலிருந்து, வடக்கே பார்த்து, எக்ஸ்பிரஸ் வெளியே வந்தது.

சந்தில் அவள் முகம் தெரிந்தது. வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது, இந்தப் பக்கம் முழுக்க வெளிச்சம். அவளுக்கு மஞ்சள் டீசர்ட் தெரிந்திருக்கும், டிவிஎஸ் தெரிந்திருக்கும், காலையில் சொல்லியனுப்பிய பலாப்பழம் தெரிந்திருக்கும். அவள் வாய் திறந்தது.

“கலியபெருமாளு...”

அவன் பெயர். இளவரசி அப்பா என்பாள், இஞ்ச பாருங்க என்பாள், ரேஷன் கடையில் பெயர் கேட்டால் அட்டையை நீட்டிக் காட்டுவாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் அவன் பெயர் வந்ததில்லை. ஹாரனையும் முறுக்குகிற வண்டிகளையும் அறுத்துக்கொண்டு அது வந்தது. இரண்டாவது தடத்தில் முன்சக்கரத்தை வைத்துவிட்ட அந்த ஆள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் நின்று திரும்பிப் பார்த்தான். அதே நேரத்தில் அஞ்சலாட்சி குனிந்தாள். இனிமேல் குனிய மாட்டேன் என்றவள் கட்டைக்கு அடியில் புகுந்து தண்டவாளத்தைப் பார்த்து ஓடிவந்தாள். அருமைநாதனின் கை நீண்டு அவள் புஜத்தைப் பிடித்தது. கலியபெருமாள் பார்க்க வந்தது அதைத்தான். பார்த்துவிட்டான். ரயில் மூடிக்கொண்டது.

பெட்டிக்குப் பெட்டி இடைவெளியே இல்லாத ரயில். நீலச் சுவர் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அவன் குந்தினான், தரையோடு தலையைச் சாய்த்தான். சக்கரங்களுக்கு நடுவில் அந்தப் பக்கத்துக் கால்கள் தெரிந்தன. அவள் கால்கள். ஒன்றில் செருப்பு இருந்தது, ஒன்றில் இல்லை. பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ, மிகப் பக்கத்தில். சக்கரம். அவள் வெறுங்கால் மண்ணை உதைத்தது. ஷூ இரண்டும் அகன்று ஊன்றி நின்றன. சக்கரம். இவளுக்கு இருப்பதிலேயே பிடித்த செருப்பு அது, போன பொங்கலுக்கு வாங்கியது என்று எதற்காகவோ நினைத்தான். அருமைநாதன் விடவில்லை, விடாமல் பிடித்திருக்கிறான், விட்டுவிடாதேடா என்று கலியபெருமாளின் வாய் முணுமுணுத்தது. முணுமுணுத்த வாயே உள்ளுக்குள் கையை எடுடா என்றும் சொன்னது. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அவன் விட்டால் அவள் சக்கரத்தில், விடாவிட்டால் அவன் கையில். தான் இருக்க வேண்டிய இடம் வைக்கோலுக்குப் பின்னால் அல்ல என்று தோன்றியது. ஆனால் அங்கேதான் குந்தியிருந்தான்.

ரயில் போய்விட்டது. காற்று நின்றது. பலாச்சுளை வாசனை குப்பென்று வந்தது. மஞ்சள் டீசர்ட் ஆள் இரண்டு தடத்துக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தான், பிறகு எழுந்து உட்கார்ந்தான். வண்டியின் முன்பக்கம் சப்பையாகி ஓரத்தில் கிடந்தது. பழம் வெடித்துத் தண்டவாளம் நெடுகச் சுளை சுளையாகச் சிதறியிருந்தது. கேட்கீப்பர் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, கைகால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று தெரிந்த பிறகு திட்ட ஆரம்பித்தார். கட்டை மேலே போயிற்று. ஜனம் வண்டிகளைப் போட்டுவிட்டு அந்த ஆளைச் சுற்றிக்கொண்டது. கலியபெருமாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றான். அந்த ஆள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

“யாருங்க கலியபெருமாளு? யாரோ கூப்டாங்க. நம்பளத்தான் யாரோன்னு நெனச்சிக் கூப்புடுறாங்களோன்னு திரும்புனன். இல்லன்னா போயிருப்பன்.”

யாரோ கலியபெருமாளைப் பார்த்தார்கள். நான்தான் என்று ஒரு சொல். அது வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஞ்சலாட்சி வந்தாள், ஒற்றைச் செருப்போடு. உட்கார்ந்திருந்தவனின் முகத்தைப் பார்த்தாள். அது வேறு முகமாக இருந்ததை அவள் கண்கள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு நிமிர்ந்தபோது எதிரில் கலியபெருமாள் நின்றான். கையை நீட்டி அவன் நெஞ்சில் மயில் பம்ப் எழுத்தின்மேல் வைத்தாள். அத்தனைபேர் நடுவில். உடனே எடுத்துக்கொண்டாள்.

“நீங்க அங்கயா நின்னீங்க?”

“ஆமா.”

“குனியலியா?”

“இல்ல.”

ஏன் என்று அவள் கேட்பாள் என்று பயந்தான். கேட்கவில்லை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் சொன்னதற்கு இன்றைக்காவது கேட்டீர்களே என்பதுபோல் தலையை ஆட்டினாள். கண் நிரம்பிவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் நிற்க அவனுக்குக் கூசியது. பின்னாலேயே அருமைநாதன் அவளுடைய இன்னொரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். முதல்முறையாக அவன் சட்டை கசங்கியிருந்தது, ஒரு பொத்தான் இல்லை. மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“அண்ணே, நீங்கன்னு நெனச்சி அக்கா உள்ளாற பூந்துட்டாங்க. கையப் புடிச்சி இழுக்கும்படி ஆயிடுச்சி. தப்பா எடுத்துக்காதீங்க.”

கலியபெருமாள் தலையசைத்தான். நன்றி என்று சொல்ல வேண்டும், தெரியும். நாக்கில் உருட்டி வைத்திருந்த வார்த்தை அங்கேயே கிடந்தது, நன்றி வர வழியில்லாமல் அது அடைத்திருந்தது. அவள் புஜத்தில் நாலு விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அருமைநாதன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, கம்பெனிப் பெண்களைக் கடந்து போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தான். அவள் சொன்னதுபோலவே.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்தாள். முன்னால் கால் வைக்கிற இடம் காலியாக இருந்தது.

“பழம் வாங்கலியா?”

“மறந்துட்டன். இப்ப போய் வாங்கிக்கலாம், ஏறு.”

ஏறி உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சுத்தமான விரல்கள். வீட்டுக்குப் போனதும் விளக்கெண்ணெயை அந்தப் புஜத்தில் தடவலாமா என்று நினைத்தான், தடவினால் அந்த நாலு விரல் போகுமா என்று நினைத்தான். நாளையிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம் என்பது எங்கேயோ கீழே போய்விட்டது. இனி அதைத் தேடி எடுத்தாலும் சொல்ல முடியாது. தோப்பு முக்கு வந்ததும் வண்டியை மெதுவாக்கினான்.

“அப்ப என்னன்னு கூப்ட்ட?”

“எப்ப?”

“ரயில் வந்தப்ப.”

“நானா? நான் எங்க கூப்ட்டன். வாயே வரல எனக்கு.”

பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டால் சிரித்துவிட்டு, உங்க பேரையா, சீ என்பாள். அவன் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் கேட் மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் உடைந்த வண்டியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். எதைச் சொல்கிறான் என்று கலியபெருமாளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லுவான், பிள்ளைகளிடம் சொல்லுவான், ஒரு பொம்பள கூப்பிட்டா, அந்தப் பேர்தான் என்னைக் காப்பாத்துச்சி என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். அவளுடைய குரல் எப்படி இருந்தது என்றுகூட அவனுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே ஒருமுறை அவள் வாயிலிருந்து வந்த அந்தப் பெயரை, அது தன்னுடையதில்லை என்று தெரிந்தும், அந்த ஆள்தான் எடுத்துக்கொண்டு போகிறான்.